கர்ப்ப காலத்தில் மாறும் சாக்லேட் சிஸ்ட்: இது புற்றுநோயா?

கேள்வி: டாக்டர், எனக்கு 30 வயது. முதல் கர்ப்பம், இப்போது 18-வது வாரம். எனக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறது. இடது சினைப்பையில் 4 செ.மீ. அளவில் சாக்லேட் சிஸ்ட் (பழைய ரத்தம் தேங்கிய கட்டி) இருப்பது கர்ப்பத்துக்கு முன்பே தெரியும். போன வாரம் எடுத்த ஸ்கேனில் அது 6 செ.மீ. ஆகியிருக்கிறது. அதன் உள்சுவரில் சதை வளர்ந்தது போல இரண்டு இடங்களில் இருப்பதாகவும், அதில் ரத்த ஓட்டம் தெரிவதாகவும் எழுதியிருக்கிறார்கள். 'டெசிடுவல் மாற்றமாக இருக்கலாம்; புற்றுநோய் இல்லை என்று உறுதியாகச் சொல்ல இயலாது' என்று ரிப்போர்ட் முடிகிறது. பயந்துபோய் நானாகவே சிஏ-125 ரத்தப் பரிசோதனை செய்தேன். 68 என்று வந்தது. என் டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார். வீட்டில் ஒருவர் 'உடனே ஆபரேஷன் செய்து எடுத்துவிடு' என்கிறார். இன்னொருவர் 'கர்ப்பம் வந்தால் அந்த நோயே போய்விடும், எதுவும் செய்யாதே' என்கிறார். கருப்பைக்கு வெளியே இருக்கும் கட்டி கர்ப்பத்தால் எப்படி மாறும்? இது புற்றுநோயா? எம்.ஆர்.ஐ. குழந்தைக்கு ஆபத்தா? ராத்திரியில் தூக்கமே வருவதில்லை.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

தூக்கம் போகும் அளவுக்கு உங்களை வாட்டும் கேள்விக்கே முதலில் வருகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், இது கர்ப்பத்தால் வந்த மாற்றமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனாலும் உங்கள் ஸ்கேன் படங்களைப் பார்க்காமல் 'நிச்சயம் ஒன்றுமில்லை' என்று நான் எழுதினால் அது பொறுப்பான பதில் ஆகாது. உங்கள் டாக்டர் எம்.ஆர்.ஐ. கேட்டிருப்பது சரியான முடிவு. அதைத் தள்ளிப்போடாதீர்கள். அது முடியும் வரை ஆபரேஷன் பேச்சு வேண்டாம்.

கருப்பைக்கு வெளியே இருப்பது எப்படி மாறும் என்று கேட்டிருக்கிறீர்கள். மற்ற எல்லாவற்றுக்கும் விடை இதில்தான் இருக்கிறது. கருப்பையின் உள்ளே எண்டோமெட்ரியம் என்ற உள்படலம் இருக்கிறது. கருமுட்டை வெளியான பிறகு புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் சுரக்கத் தொடங்கும். அதன் தூண்டுதலில், 28 நாள் சுழற்சியில் சுமார் 23-வது நாள் வாக்கில், அந்தப் படலத்தின் சிறு ரத்தக்குழாய்களைச் சுற்றியுள்ள செல்கள் உருமாறத் தொடங்குகின்றன. ஒல்லியாக, நீளவாக்கில் இருந்த செல்கள் பருத்து உருண்டு, கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பையும் கொழுப்பையும் நிரப்பிக்கொள்கின்றன. கரு தங்கவில்லை என்றால் இந்தப் படலம் மாதவிடாயாக வெளியேறிவிடும். தங்கிவிட்டால் மாற்றம் படலம் முழுக்கப் பரவும். அப்படி மாறிய படலத்துக்குத்தான் டெசிடுவா என்று பெயர். கரு பதிவதும் நஞ்சுக்கொடி வேர்பிடிப்பதும் இந்தப் படலத்தில்தான். அங்கே புதிய ரத்தக்குழாய்கள் நிறைய உருவாகும், படலம் மென்மையாகத் தடிக்கும்.

எண்டோமெட்ரியோசிஸ் என்பது இதே படலத்தைப் போன்ற திசு சினைப்பையிலோ வயிற்றின் உட்சுவரிலோ வேறு எங்கோ இருப்பது. உங்கள் சாக்லேட் சிஸ்ட்டின் உட்பூச்சும் அந்தத் திசுதான். புரோஜெஸ்டிரோன் ரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் போகிறது. மழை பெய்தால் வயலில் விதைத்தது மட்டும் முளைப்பதில்லை, வரப்பில் சிந்திய விதையும் முளைக்கிறது. கருப்பைக்குள் டெசிடுவா உருவாகும் அதே நாட்களில் உங்கள் சிஸ்ட்டின் உட்சுவரிலும் அது உருவாகலாம். மாதவிடாய்ச் சுழற்சியின் பின்பாதியில் புரோஜெஸ்டிரோன் பொதுவாக ஒரு மில்லி ரத்தத்தில் 10 முதல் 20 நானோகிராம் அளவில் இருக்கும்; பிரசவம் நெருங்கும்போது அது 100-ஐத் தாண்டிவிடும். இவ்வளவு ஹார்மோனுக்கு நடுவே அந்தத் திசு சும்மா இருப்பதுதான் ஆச்சரியம்.

சுவரிலிருந்து மேடாக எழும்பி நிற்கும் அந்த டெசிடுவாவைத்தான் ஸ்கேனில் 'சதை வளர்ச்சி' என்று பார்க்கிறார்கள். புதிய ரத்தக்குழாய்கள் இருப்பதால், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் ரத்த ஓட்டமும் தெரிகிறது. கர்ப்பமில்லாத ஒரு பெண்ணின் சிஸ்ட்டில் இப்படி ரத்த ஓட்டத்தோடு ஒரு வளர்ச்சி தெரிந்தால் நாங்கள் புற்றுநோயைத்தான் முதலில் சந்தேகிப்போம். அதனால்தான் உங்கள் ரிப்போர்ட்டில் அந்த வாக்கியம் வந்திருக்கிறது. அதை எழுதியவர் உங்களிடம் எதையும் மறைக்கவில்லை. இரண்டும் ஒன்றுபோலத் தெரியக்கூடும் என்பதை நேர்மையாகப் பதிவு செய்திருக்கிறார்.

ஒன்றுபோலத் தெரிந்தாலும் முழுக்க ஒன்று இல்லை. கர்ப்ப காலத்தில் அறுவை செய்து எடுக்கப்பட்ட இத்தகைய சிஸ்ட்களின் ஸ்கேன் படங்களை ஐரோப்பிய மருத்துவர்கள் சேர்த்து ஆராய்ந்து 2014-ல் வெளியிட்டார்கள். அதில் தெரிந்த பொதுவான தோற்றம் இதுதான்: சிஸ்ட்டுக்குள் இருக்கும் திரவம் மங்கலான கண்ணாடி போல ஒரே சீராக இருக்கும், சுவரிலிருந்து எழும் வளர்ச்சிகள் உருண்டையாக, வழவழப்பான விளிம்போடு இருக்கும், அவற்றில் ரத்த ஓட்டம் இருக்கும். விளிம்பு கரடுமுரடாக, ஒழுங்கற்று இருப்பது, திடப் பகுதி ஒவ்வொரு ஸ்கேனிலும் வேகமாகப் பெருகுவது, வயிற்றில் நீர் சேர்வது, சிஸ்ட்டைத் தாண்டி வேறு இடங்களில் முடிச்சுகள் தெரிவது, இவைதான் எங்களைக் கவலைப்பட வைக்கும். உங்கள் ரிப்போர்ட்டை எடுத்து அந்த வளர்ச்சிகளின் விளிம்பைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எதுவும் எழுதவில்லை என்றால் உங்கள் டாக்டரிடம் அதையே கேளுங்கள்.

இன்னொரு விஷயம் உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது. கர்ப்பத்துக்கு முன்பே அது சாக்லேட் சிஸ்ட் என்று தெரியும், பழைய ஸ்கேன்கள் இருக்கும். அப்போது உள்சுவர் சுத்தமாக இருந்து, கர்ப்பத்துக்குப் பிறகே இந்த வளர்ச்சி வந்தது என்றால் டெசிடுவல் மாற்றம் என்ற பக்கம் தராசு நன்றாகவே சாயும். அந்தப் பழைய படங்களை, வெறும் ரிப்போர்ட் தாளை மட்டும் அல்ல, படங்களையே, எம்.ஆர்.ஐ. எடுக்கும் இடத்துக்குக் கையோடு கொண்டுபோங்கள். 'எனக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறது, இப்போது 18 வாரக் கர்ப்பம்' என்று படத்தைப் படிக்கப்போகிற டாக்டருக்குத் தெரியும்படி சொல்லுங்கள், எழுதிக் கொடுங்கள். இந்த ஒரு வரி போய்ச் சேராததால் தேவையில்லாத பயமும் தேவையில்லாத அறுவையும் நேர்வதுண்டு. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. காந்தப்புலமும் ரேடியோ அலைகளும்தான். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 14 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களை ஆராய்ந்து 2016-ல் ஓர் ஆய்வு வந்தது. முதல் மூன்று மாதங்களில் எம்.ஆர்.ஐ. எடுத்த தாய்மார்களின் குழந்தைகளுக்கும் அதனால் பாதிப்பு கூடியதாக அதில் தெரியவில்லை. நீங்களோ அந்தக் கட்டத்தையும் தாண்டிவிட்டீர்கள். அதே ஆய்வு வேறொன்றில் எச்சரித்தது: கடோலினியம் என்ற மருந்தை ஊசியில் ஏற்றி எடுக்கும் எம்.ஆர்.ஐ.யைக் கர்ப்பத்தில் தவிர்ப்பது நல்லது. உங்களுக்குத் தேவையான தகவல் அந்த ஊசி இல்லாமலேயே கிடைக்கும். அந்த ஊசி மருந்தைத்தான் கான்ட்ராஸ்ட் என்பார்கள். 'கான்ட்ராஸ்ட் இல்லாமல்தானே எடுக்கிறீர்கள்' என்று படுக்கும் முன் ஒரு முறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மல்லாந்து நேராகப் படுப்பது சிரமமாக இருந்தால் இடது பக்கமாகச் சற்றுச் சாய்ந்து படுக்கக் கேட்கலாம், கொடுப்பார்கள்.

அந்தப் படத்தில் என்ன பார்ப்பார்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். கருப்பைக்குள் இருக்கும் டெசிடுவாவும் நஞ்சுக்கொடியும் எவ்வளவு வெளிச்சமாகத் தெரிகின்றனவோ, சிஸ்ட்டுக்குள் இருக்கும் வளர்ச்சியும் ஏறத்தாழ அதே வெளிச்சத்தில் தெரிந்தால், இரண்டும் ஒரே வகைத் திசு என்பதற்கு அது நல்ல அடையாளம். தண்ணீர் மூலக்கூறுகள் திசுவுக்குள் எவ்வளவு எளிதாக நகர்கின்றன என்பதை அளக்கும் டிஃப்யூஷன் என்ற ஒரு பகுதியும் உண்டு. செல்கள் நெருக்கியடித்து நிற்கும் புற்றுநோயில் அந்த நகர்வு தடைபடும். டெசிடுவாவில் பெரும்பாலும் அவ்வளவு தடைபடாது. எந்த ஒரு அடையாளமும் தனியாக நூறு சதவீதம் தீர்ப்பு சொல்லாது. எல்லாம் ஒரே பக்கம் கை காட்டினால் நாங்கள் நம்பிக்கையோடு காத்திருப்போம்.

சிஏ-125 பற்றி. இது ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதம்; சினைப்பைப் புற்றுநோயில் கூடக்கூடும் என்பதால் அளந்து பார்ப்பார்கள். 35 வரை இயல்பு என்று லேப் தாளில் அச்சடித்திருப்பார்கள். அந்த எண்ணைக் கர்ப்பத்தில் அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் இது தானாகவே ஏறும், பிரசவத்தை ஒட்டியும் ஏறும். எண்டோமெட்ரியோசிஸ் இருந்தாலே கர்ப்பம் இல்லாதபோதும் கூடுதலாக இருக்கலாம். உங்களுக்கு இரண்டும் இருக்கிறது. 68-ஐ வைத்து நான் எந்த முடிவுக்கும் வரமாட்டேன். தயவுசெய்து அதைத் திரும்பத் திரும்பப் பரிசோதித்து மனதைப் புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள்.

ஆபரேஷன் செய்துவிடு என்கிறவரின் அக்கறை எனக்குப் புரிகிறது. கட்டி என்றால் எடுத்துவிட வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் கர்ப்பத்தில் சினைப்பை அறுவை என்பது கருச்சிதைவு, குறைப்பிரசவம் ஆகியவற்றின் அபாயத்தைக் கொஞ்சமாவது சுமந்தே வரும். எண்டோமெட்ரியோசிஸில் உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பதும் உண்டு; பிரித்தெடுப்பது எளிதல்ல. தானாகச் சுருங்கப்போகிற ஒரு மாற்றத்துக்காக அந்த அபாயத்தை ஏற்பது சரியில்லை. படங்கள் சந்தேகத்தைக் கூட்டினால் கதை வேறு. அப்போது பெண்ணுறுப்புப் புற்றுநோய் அறுவை நிபுணர் ஒருவரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும், அதற்கு ஏற்ற காலமும் நீங்கள் இப்போது இருக்கும் நடு மூன்று மாதங்கள்தான். முதல் சில வாரங்களில் கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோன் சினைப்பையிலிருந்தே வருகிறது, அதனால் அப்போது அங்கே கைவைப்பது நல்லதல்ல. பிற்பாடு கருப்பை பெரிதாகி வழியை மறைத்துவிடும். எம்.ஆர்.ஐ.யைத் தள்ளிப்போடாதீர்கள் என்று தொடக்கத்திலேயே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். தேவைப்பட்டால் முடிவெடுக்க நேரம் இருக்க வேண்டும்.

எம்.ஆர்.ஐ. நல்லபடியாக வந்தால், பொதுவாக 3 அல்லது 4 வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் பார்ப்பார்கள், அப்புறம் தேவைக்கேற்ப. முடிந்தவரை ஒரே ஸ்கேன் டாக்டரிடம், சினைப்பைக் கட்டிகளைப் பார்த்துப் பழக்கப்பட்டவரிடம் போங்கள். ஐரோப்பிய மனித இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2022-ல் வெளியிட்ட எண்டோமெட்ரியோசிஸ் வழிகாட்டுதலும், கர்ப்பத்தில் சாக்லேட் சிஸ்ட் வழக்கத்துக்கு மாறாகத் தெரிந்தால் அனுபவமுள்ள மையத்துக்கு அனுப்ப வேண்டும் என்கிறது.

இரண்டாமவர் சொன்ன 'கர்ப்பம் வந்தால் நோய் போய்விடும்' என்பது பல பெண்களுக்கு ஆறுதலாகச் சொல்லப்படுகிறது, சில சமயம் சிகிச்சையாகவே சொல்லப்படுகிறது. அதுதான் எனக்கு வருத்தம். கர்ப்பத்தில் மாதவிடாய் நிற்பதால் வலி குறையலாம். சாக்லேட் சிஸ்ட்களும் பெரும்பாலானோருக்கு அதே அளவில் நிற்கின்றன அல்லது சுருங்குகின்றன. உங்களைப் போலச் சிலருக்கு வளர்கின்றன. ஆனால் நோய் போய்விடுவதில்லை. அதே 2022 வழிகாட்டுதல், எண்டோமெட்ரியோசிஸைக் குணப்படுத்துவதற்காக மட்டும் கர்ப்பம் தரிக்கும்படி எந்தப் பெண்ணுக்கும் அறிவுரை சொல்லக் கூடாது என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது.

இப்படிக் கருப்பைக்கு வெளியே டெசிடுவா வருவது அரிது என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத அளவில் இது மிகச் சாதாரணம். பிரசவ நேரத்தில் எடுக்கப்பட்ட சினைப்பைத் திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்த ஆய்வுகளில், எண்டோமெட்ரியோசிஸ் இல்லாதவர்களிடமும் கூட, ஏறத்தாழ எல்லோரிடமும் சிறு சிறு டெசிடுவல் செல் கூட்டங்கள் இருந்தன. சினைப்பையின் மேற்பரப்பிலும் வயிற்றின் உள்ளுறையின் கீழும் இருக்கும் சாதாரணச் செல்களே புரோஜெஸ்டிரோனின் தூண்டுதலால் அப்படி மாறக்கூடும். கருக்குழாய், கருப்பை வாய், குடல்வால், குடலை மூடியிருக்கும் கொழுப்புத் திரை, இடுப்புப் பகுதி நிணநீர் முடிச்சுகள் என்று பல இடங்களில் இதைப் பார்க்கிறோம்.

இதை விரித்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. நாளைக்கு உங்களுக்கு சிசேரியன் தேவைப்பட்டு, வயிற்றுக்குள் வெள்ளையாகவோ சாம்பல் நிறத்திலோ சிறு முடிச்சுகள் தெரிந்தன, பயாப்ஸிக்கு எடுத்து அனுப்பியிருக்கிறோம் என்று சொன்னால் நீங்கள் நிலைகுலைந்துவிடக் கூடாது. வெறும் கண்ணுக்கு அவை காசநோய் முடிச்சு போலவோ பரவிய புற்றுநோய் போலவோ தோன்றும். எடுத்துப் பரிசோதிப்பது முறையானதே. மைக்ரோஸ்கோப்பிலும் டெசிடுவல் செல்கள் சில சமயம் ஏமாற்றும். அப்போது சிறப்புச் சாயங்கள் உதவும்: புற்றுநோய்ச் செல்கள் பலவற்றில் பிடிக்கும் கெரட்டின் சாயம் இவற்றில் பிடிக்காது, புரோஜெஸ்டிரோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிக்கான சாயம் பிடிக்கும். கருப்பை வாயிலும் இப்படித்தான். கர்ப்பத்தில் லேசான ரத்தக்கசிவோடு அங்கே ஒரு சிறு சதை தெரியலாம், கருப்பை வாய்ச் செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் பரிசோதனையில் 'அசாதாரணச் செல்கள்' என்று வரலாம். அது டெசிடுவாவாகவும் இருக்கலாம். ஆனால் எந்த ரத்தக்கசிவையும் 'டெசிடுவாவாக இருக்கும்' என்று நீங்களாக முடிவுசெய்துகொண்டு வீட்டில் இருக்காதீர்கள். கர்ப்பத்தில் ரத்தம் கண்டால் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும்.

குழந்தையைப் பற்றி. சிஸ்ட்டுக்குள் நடக்கும் மாற்றம் குழந்தையின் வளர்ச்சியைத் தொடுவதில்லை. எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களுக்கு நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பது மற்றவர்களைவிடச் சற்று அதிகம், அதனால் 20-வது வார ஸ்கேனில் நஞ்சுக்கொடியின் இடத்தைக் குறிப்பாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மிக அரிதான ஒரு ஆபத்தையும் நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். டெசிடுவாவாக மாறிய திசுவிலிருந்தோ, கருப்பையைச் சுற்றிய ரத்தக்குழாயிலிருந்தோ வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கசியலாம். கர்ப்பத்தின் பின்பாதியில் இது நேர்வது அதிகம். வெளியே ரத்தம் வராது என்பதால் ஏமாந்துபோவோம். திடீரென்று கடுமையான வயிற்றுவலி, தலைசுற்றல், மயக்கம், உடல் வெளிறுவது, தோள்பட்டையில் வலி, குழந்தையின் அசைவு குறைவது என்று எது வந்தாலும் 'பிரசவ வலியாக இருக்கும், பார்க்கலாம்' என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். போனதும் எண்டோமெட்ரியோசிஸ் இருப்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். காய்ச்சலோடு வலி வந்தாலும் அதேதான். சிஸ்ட்டில் தொற்று ஏற்படுவது உண்டு. வீட்டில் இருப்பவர்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

புற்றுநோய் பற்றிய மொத்தக் கணக்கையும் மறைக்காமல் சொல்கிறேன். வாழ்நாள் முழுவதையும் எடுத்துக்கொண்டால் 100 பெண்களில் ஏறத்தாழ ஒருவருக்குச் சினைப்பைப் புற்றுநோய் வருகிறது; எண்டோமெட்ரியோசிஸ் உள்ள 100 பேரில் அது ஏறத்தாழ இருவர். கூடுதல்தான். ஆனால் உங்கள் வயதில், தெரிந்த ஒரு சாக்லேட் சிஸ்ட்டில், கர்ப்ப காலத்தில் புதிதாகத் தோன்றிய வழவழப்பான வளர்ச்சி என்றால் டெசிடுவா என்பதுதான் எங்கள் முதல் எண்ணம். மற்றதைத் தவறவிடாமல் இருக்கத்தான் இத்தனை ஸ்கேன்களும்.

பிரசவ முறையை இந்த சிஸ்ட் தனியாக முடிவு செய்யாது. அது குழந்தை இறங்கும் வழியை அடைக்காதவரை சுகப்பிரசவத்துக்குத் தடை இல்லை. நஞ்சுக்கொடி வெளியேறியதும் புரோஜெஸ்டிரோன் மளமளவென்று இறங்கும், டெசிடுவாவுக்கு ஆதரவு போய்விடும். பெரும்பாலும் 4 முதல் 6 வாரங்களில் அது மறைந்துவிடுகிறது. பிரசவத்துக்குப் பின் 6 முதல் 12 வாரங்களுக்குள் ஒரு ஸ்கேன் எடுக்க இப்போதே குறித்துவையுங்கள். கைக்குழந்தையோடு இருக்கும்போது பல தாய்மார்கள் விட்டுவிடுவது இந்த ஸ்கேனைத்தான். அதில் உள்சுவர் பழையபடி சுத்தமாகியிருந்தால் சந்தேகம் தீர்ந்தது. சாக்லேட் சிஸ்ட் மட்டும் இருக்கும். அதை வலி, அடுத்த குழந்தை பற்றிய உங்கள் விருப்பம் ஆகியவற்றைப் பொறுத்துப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வளர்ச்சி அப்படியே நின்றால் அதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். அதைச் செய்ய அப்போது தயங்காதீர்கள். தாய்ப்பால் கொடுப்பதற்கு இதில் எதுவும் தடை இல்லை. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் வந்ததும், அதில் புரியாத வரி இருந்தால் அந்த வரியை அப்படியே எழுதி அனுப்புங்கள், விளக்குகிறேன்.